டணால் தங்கவேலு: யூடியூப் புண்ணியத்தில் மறுபடியும்

திண்ணைவாசி எழுதியது:

யூடியூபில் பூரி உப்பலாக வருவது எப்படி என்று தேடப்போனேன். சமையல் வீடியோக்களுக்கு நடுவே 'அறிவாளி' படத்துப் பூரி காட்சி வந்து விழுந்தது. பூரி அன்றைக்கு நடக்கவில்லை. அதற்கப்புறம் யூடியூபைத் திறந்தாலே அந்தக் காலக் காமெடியன் டணால் தங்கவேலுதான். ஒன்று முடிவதற்குள் இன்னொன்றை நீட்டுகிறது.

சின்ன வயசில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தூர்தர்ஷனில் படம் போடும்போது இவர் வந்தால் வீட்டுப் பெரியவர்கள் கண்ணில் தண்ணி வரச் சிரிப்பார்கள். பசங்களான எங்களுக்கு ஒன்றும் ஏறாது. விழமாட்டார், உதை வாங்கமாட்டார், முகத்தை அஷ்டகோணலாக ஆக்கமாட்டார். நாகேஷ் எப்போ வருவார் என்று உட்கார்ந்திருப்போம். இப்போது அதே ஆளைப் பார்த்தால் நிறுத்த முடியவில்லை. கல்யாணம், மாமனார், மாசக் கடைசி எல்லாம் பார்த்தவனுக்குத்தான் இந்தக் காமெடி எழுதப்பட்டிருக்கிறது போல.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். கிடைப்பதெல்லாம் அஞ்சு நிமிஷத் துண்டு. முழுசாகப் பார்க்க வேண்டும் என்றால் எந்தப் படத்தில் ஆரம்பிப்பது? பழைய ஆட்கள் யாராவது சொல்லுங்கள்.

வால்வு ரேடியோ எழுதியது:

வாங்க திண்ணை. லேட்டானாலும் வந்துவிட்டீர்கள்.

நாங்கள் தங்கவேலுவைப் பார்த்ததை விடக் கேட்டதுதான் அதிகம். ஆகாசவாணியில் ஒலிச்சித்திரம் போடுவார்கள். முழுப் படத்தையும் வெட்டிச் சுருக்கி, ஒலி மட்டும். சிவாஜி படத்தில் அவர் அழும் இடம் வந்தால் பாட்டி மூக்கைச் சிந்துவாள். சண்டைக் காட்சியில் 'டிஷ்யூம்' தவிர ஒன்றும் விளங்காது. தங்கவேலு வந்தால் மட்டும் படம் பார்க்காத குறையே தெரியாது. அந்தக் குரல் இருக்கிறதே, லேசாக மூக்கில் வரும், மாட்டிக்கொண்டால் ஒரு படி மேலே ஏறும், சமாளித்துவிட்டோம் என்று நினைத்தால் அப்படியே இறங்கி நிதானமாகும். அதை வைத்தே முகம் எப்படி இருக்கும் என்று நாங்கள் போட்டுக்கொள்வோம்.

'டணால்' பட்டம் 1951-ல் வந்த 'சிங்காரி'யில் ஒட்டியது. அதில் வாய்க்கு வாய் 'டணால்' என்பார். ஆனால் ஆள் சினிமாவுக்கு வந்தது 1936-ல், 'சதிலீலாவதி'யில். எம்.ஜி.ஆர்., என்.எஸ்.கே., டி.எஸ்.பாலையா எல்லோரும் எட்டிப்பார்த்த அதே படம். எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கியது. அப்புறம் பதினைந்து வருஷம் நாடகம், சின்னச் சின்ன வேஷம், கலைவாணர் கோஷ்டி. ஒரே நாளில் கிடைத்த பேர் இல்லை.

குறும்பன் எழுதியது:

அண்ணே, அங்கிள்களா, கோவிச்சுக்காதீங்க. நானும் அந்த பூரி கிளிப்பைப் பார்த்தேன். பூரி சுடும் விதத்தை அவர் சொல்லிக்கொடுக்கிறார், பொண்டாட்டியிடமிருந்து ஒரே மாதிரி பதில். "அதான் எனக்குத் தெரியுமே", "அதான் எனக்குத் தெரியுமே". ஒண்ணரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டும் நகரவில்லை. இதில் என்ன இருக்கிறது என்று யாராவது விளக்கினால் நல்லது. கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

ரீல் பெட்டி எழுதியது:

தம்பி, ஒண்ணரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டீர்கள் அல்லவா, காமெடி அங்கேயே போய்விட்டது.

நான் டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவன். ஒரே படத்தை நாளைக்கு இரண்டு ஆட்டம் பார்க்க வேண்டிய தலையெழுத்து. கதாநாயகன் அலுத்துவிடுவான், பாட்டு அலுத்துவிடும். தங்கவேலு வரும் ரீலுக்கு மட்டும் ஓட்டை வழியாக எட்டிப் பார்ப்பேன். படத்தை விட ஜனங்களைப் பார்ப்பேன்.

அந்தப் பூரி காட்சியில் சிரிப்பு மனைவியாக வரும் எம்.சரோஜா சொல்லும் வசனத்தில் இல்லை. அவர் சொன்ன பிறகு, அடுத்து தங்கவேலு வாய் திறப்பதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி வரும். அங்கே இருக்கிறது. முதல் தடவை 'பரவாயில்லையே, தெரிந்திருக்கிறதே' என்கிற மாதிரி விடுவார். அடுத்த தடவை ஒரு சந்தேகம். அதற்கடுத்து, இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று தெரிந்துவிட்டது, ஆனால் பூரி மேல் இருக்கிற ஆசையில் பொறுத்துக்கொள்கிறார். பிறகு ஆசையும் போய், பொறுமையும் போய்… ஒரே வசனத்துக்கு ஒவ்வொரு தடவையும் வேறு மௌனம். கொட்டகையில் சிரிப்பு அந்த மௌனத்தில்தான் எழும்பும்.

இப்போது யூடியூப் சேனல்காரர்கள் என்ன செய்கிறார்கள்? அந்த இடைவெளியில் 'டொய்ங்' என்று ஒரு சத்தத்தைக் கொண்டுவந்து சொருகுகிறார்கள். சில புண்ணியவான்கள் இடைவெளியையே வெட்டிவிடுகிறார்கள். போதாததற்கு அந்தக் காலச் சதுரப் படத்தை அகலத்துக்கு இழுத்துவிட்டு, எல்லோரும் பொன்னுக்கு வீங்கி வந்த மாதிரி கன்னம் உப்பித் தெரிகிறார்கள். சில இடத்தில் மேலும் கீழும் நறுக்கி, தங்கவேலுவின் கை ஃப்ரேமுக்கு வெளியே போய்விட்டது. அவர் கையில்லாமல் பேசுகிற நடிகர் இல்லை. விரலை மடக்கி மடக்கிக் கணக்குச் சொல்வது, துண்டை எடுத்து உதறுவது, இதெல்லாம் காணோம்.

முதலில் ஒழுங்கான அளவில் இருக்கும் பிரிண்டைத் தேடுங்கள், ஒரு மடங்கு வேகத்தில் பாருங்கள். அப்புறம் சிரிப்பு வரவில்லை என்றால் சண்டை போடலாம்.

சிங்கைச் செல்வி எழுதியது:

ரீல் பெட்டி சார் சொன்னதில் பாதிதான் சரி. சிரிப்பு சரோஜா வசனத்தில் இல்லையாமே! அந்த அம்மா ஒவ்வொரு தடவையும் அதே வாக்கியத்தை அதே நம்பிக்கையோடு சொல்வதால்தான் இவர் முகத்துக்கு வேலை வருகிறது. ஒரு தடவை கொஞ்சம் தயங்கிச் சொல்லியிருந்தால், ஒரு தடவை அசட்டுச் சிரிப்பு சிரித்திருந்தால், காட்சி படுத்திருக்கும். கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் நிற்கிறார். அது எவ்வளவு கஷ்டம்!

ஒன்று சொல்ல வேண்டும். "சமையல் தெரியாத பொண்டாட்டி" என்று பெண்ணை மட்டம் தட்டும் காமெடி இது என்று கமெண்டில் ஒரு பெண் எழுதியிருந்தார். முதலில் எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் திரும்பப் பார்த்தால் தோற்பது யார்? மனிதர் பூரி சாப்பிடவே இல்லை. அந்த அம்மாவுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கற்றுக்கொடுக்கிறேன் பேர்வழி என்று ஆரம்பித்தவர்தான் வாத்தியார் வேலையை விட்டு ஓடுகிறார்.

இரண்டு பேரும் நிஜ வாழ்க்கையிலும் தம்பதி. தங்கவேலு 1994-ல் போனார், சரோஜா அம்மா 2012-ல். அதுவரைக்கும் இருந்தவரை எத்தனை பேர் தேடிப் போய்ப் பேசினோம்? கிளிப்புகளின் தலைப்பைப் பாருங்கள்: 'தங்கவேலு காமெடி', 'டணால் காமெடி', 'வயிறு வலிக்கும் காமெடி'. சரோஜா பேர் எங்கேயும் இல்லை.

யாழ் வாசகன் எழுதியது:

செல்வி அக்கா சொன்னது உண்மை.

எங்கட வீட்டில அப்ப ரிவி இல்லை. திருச்சி வானொலி யாழ்ப்பாணத்தில நல்லாக் கேக்கும். 'கல்யாண பரிசு' கதை வசனம் எங்கட மாமா ஒராளிட்ட கசெற்றில இருந்தது. கறண்ட் இல்லாத காலத்தில சைக்கிள் டைனமோவைச் சுத்தி, அதில ரேப் றெக்கோடரைப் போட்டுக் கேப்பம். ஒராள் பெடலை மிதிக்க வேணும். தங்கவேலு வாற இடத்தில மிதிக்கிறவர் சிரிச்சால் வேகம் குறைஞ்சு தங்கவேலுவின்ர குரல் இழுபடும். அந்த இழுவையே இன்னொரு பகிடி.

இப்ப இங்க ரொறொன்ரோவில இருந்து அதே காட்சியைப் படத்தோட பாக்கிறன். வசனம் எல்லாம் எனக்கு மனப்பாடம், முகம் இப்பதான் முதல்முறை. நான் நினைச்சு வைச்சிருந்த ஆளைவிட மெல்லிசா இருக்கிறார்.

குறும்பன் எழுதியது:

சைக்கிள் டைனமோவா! சரி, யாழ் அண்ணாவுக்காகவாவது ஒரு மடங்கு வேகத்தில் பார்க்கிறேன்.

இன்னொரு சந்தேகம். வேலைவெட்டி இல்லாமல் சுற்றுகிறவனைப் பார்த்து எங்கள் அப்பா "என்னடா, மன்னார் அண்ட் கம்பெனியில மேனேஜரா?" என்பார். என்னையும் சேர்த்துத்தான். அது நிஜமான ஏதோ மூடிப்போன கம்பெனி என்றே இருந்தேன். கிளிப் கமெண்டில் பார்த்தால் அதுவும் இவருடையதாமே?

ரீல் பெட்டி எழுதியது:

அதுவேதான். 1959, 'கல்யாண பரிசு'. ஸ்ரீதர் இயக்கிய முதல் படம். வேலையில்லாத ஆள், மாமனார் வீட்டில் மன்னார் அண்ட் கம்பெனியில் உத்தியோகம் என்று அளந்துவிட்டு தினமும் கிளம்பிப் போவார். அது போதாதென்று, எழுத்தாளர் பைரவன் என்பது நான்தான் என்று இன்னொரு பொய். மனைவி அதையும் நம்பிப் பூரித்துப் போவாள். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று, அதைக் காப்பாற்ற மூன்றாவது.

திண்ணைவாசி, நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில். ஆரம்பிக்க வேண்டியது இந்தப் படத்தில். காரணம் சொல்கிறேன்.

இந்தப் படத்துக் காமெடியைத் தனியாக வெட்டி எடுத்தால் நன்றாக ஓடும், எல்லாச் சேனலிலும் ஓடிக்கொண்டும் இருக்கிறது. ஆனால் முழுப் படத்தோடு பார்த்தால் வேறு ஒன்று தெரியும். சரோஜாதேவி தன் காதலை அக்காவிடம் மறைக்கிறாள். ஜெமினி கட்டிக்கொண்டவளிடம் மறைக்கிறான். எல்லோரும் வீட்டுக்குள்ளேயே ஒருத்தரிடம் ஒருத்தர் எதையோ ஒளித்துவைத்து, அது வெளியே வந்து குடும்பமே சிதைகிறது. அதே படத்தில், பக்கத்திலேயே ஒருத்தன் வீட்டில் பொய் சொல்லிக்கொண்டு திரிகிறான், அது மட்டும் சிரிப்பு. ஒரே சரக்கு, இரண்டு விதமாக. அழுகைக் காட்சி முடிந்து இவர் வரும்போது கொட்டகையே 'அப்பாடா' என்று மூச்சு விடும். அந்த மூச்சை அஞ்சு நிமிஷக் கிளிப் தராது.

ஸ்ரீதரின் பால்யகால நண்பர் கோபு, செங்கல்பட்டுக்காரர், இந்தப் படத்தில்தான் நகைச்சுவைப் பகுதிக்கு எழுத வந்தார். பிற்பாடு 'காதலிக்க நேரமில்லை'யில் பாலையாவுக்கு நாகேஷ் கதை சொல்லும் காட்சிக்குப் பின்னாலும் அதே கூட்டணிதான். அங்கேயும் பாருங்கள், நாகேஷ் பேசிக்கொண்டே போவார், பாலையா கேட்பார். கேட்கிறவர் முகத்தில்தான் காட்சி. கிளிப் போடுகிற யாரும் எழுதினவர் பேரைப் போடுவதில்லை.

வால்வு ரேடியோ எழுதியது:

ரீல் பெட்டி சொன்னால் மறுப்பேது. ஆனால் ஆரம்பிக்க 'கல்யாண பரிசு' கொஞ்சம் கனம். இரண்டாம் பாதியில் அழுது தீரவேண்டும். என் ஓட்டு 1955 'மிஸ்ஸியம்மா'வுக்கு.

எல்.வி.பிரசாத் இயக்கம், விஜயா தயாரிப்பு, தெலுங்கிலும் தமிழிலும் ஒரே நேரத்தில் எடுத்தது. காணாமல்போன பெண்ணைக் கண்டுபிடிக்கிறேன் என்று துப்பறியும் ஆள் ஒருத்தன் வருவான், காலில் மச்சம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டு. தெலுங்கில் அந்த வேஷம் யாருக்கு? நாகேஸ்வர ராவுக்கு. அங்கே முன்னணிக் கதாநாயகன் செய்ததை இங்கே தங்கவேலு செய்தார். ஜோடியாக ஜமுனா இரண்டு மொழியிலும். முடிந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாகேஸ்வர ராவ் துப்பறிவாளனாக விளையாடுகிறார். நம்மவர் தன்னை நிஜமாகவே துப்பறிவாளன் என்று நம்புகிறார்.

பழங்கணக்கு எழுதியது:

ஒளிந்திருந்து வாசிக்கும் ஆள் நான். இந்த விஷயத்தில் மட்டும் வாய் சும்மா இருக்கவில்லை.

தங்கவேலு என்றால் காமெடியன் என்றே எல்லோரும் பேசுகிறீர்கள். கதாநாயகனாகவும் நடித்திருக்கிறார். 1956-ல் 'ரம்பையின் காதல்', ஜோடி பானுமதி. 'சமரசம் உலாவும் இடமே' பாட்டை எல்லாச் சாவு வீட்டு மைக்செட்டிலும் கேட்டிருப்பீர்கள். அது வருவது ரம்பை பூலோகத்துக்கு வரும் இந்தப் படத்தில் என்று சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். 1960-ல் 'நான் கண்ட சொர்க்கம்', அதில் சௌகார் ஜானகி. எமலோகம் போய் அங்கே கலாட்டா பண்ணுகிற கதை.

அதே 1960-ல் 'அடுத்த வீட்டுப் பெண்'. பாடத்தெரியாத டி.ஆர்.ராமச்சந்திரன் பக்கத்து வீட்டு அஞ்சலிதேவியை மயக்க வாயசைப்பார், மறைவில் நின்று பாடிக்கொடுப்பது நண்பன் தங்கவேலு. இந்தக் கதை 1952-ல் வங்காளத்தில் 'பாஷேர் பாரி'யாக வந்தது. மறுவருஷம் தெலுங்குக்குப் போனது, அங்கே பாடிக்கொடுக்கும் நண்பனாக நம்ம பாடகர் ஏ.எம்.ராஜாவே நடித்தார். பிறகு தமிழ், 1968-ல் இந்தியில் 'படோசன்'. ஆக, கிஷோர் குமார் வெற்றிலைக் குதப்பலோடு செய்து பேர் வாங்கிய வேஷத்தை எட்டு வருஷம் முன்னாலேயே இவர் செய்துவிட்டார். வடக்கே அதைக் கொண்டாடி ஐம்பது வருஷமாகத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். நாம் 'கண்ணாலே பேசிப் பேசி' பாட்டை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு படத்தைத் தொலைத்துவிட்டோம்.

கடலோரப் பட்டினம் எழுதியது:

காரைக்கால் பக்கத்து ஆள் என்கிற உரிமையில் ஒரு வார்த்தை. தங்கவேலு எங்கள் திருமலைராயன்பட்டினத்துக்காரர். நாங்கள் டி.ஆர்.பட்டினம் என்போம்.

காளமேகப் புலவர் திருமலைராயன் சபைக்கு வந்து, சிலேடையாலேயே அங்கிருந்த புலவர்களைத் திக்குமுக்காட வைத்து, மரியாதை செய்யாத கோபத்தில் மண்மாரி பெய்யட்டும் என்று வசை பாடிவிட்டுப் போனார் என்று ஒரு கதை உண்டு. அந்த ஊரிலிருந்துதான் பேச்சிலேயே ஆளை மடக்குகிற தங்கவேலு வந்தார். சம்பந்தம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், ஊர்ப்பெருமை பேசும்போது குறுக்கே வரக்கூடாது. அவர் திரையில் பேசும்போது சில வார்த்தை இழுப்பு எனக்கு எங்கள் கடைத்தெரு இழுப்பாகவே கேட்கும்.

குறும்பன் எழுதியது:

பார்த்துவிட்டேன். 'கல்யாண பரிசு' முழுசும். ஒரு மடங்கு வேகத்தில்!

பூரி காட்சி எனக்கு இன்னமும் சுமார்தான், அடிக்க வராதீர்கள். ஆனால் இதில் அந்தப் பைரவன் பொய்யைச் சொல்லிவிட்டு, பொண்டாட்டி சந்தோஷத்தில் குதிக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தீர்களா? மாட்டிக்கொள்வோம் என்ற பயம் ஒரு பக்கம், இவ்வளவு சந்தோஷப்படுகிறாளே என்ற பெருமை ஒரு பக்கம். கொஞ்ச நேரத்துக்கு அவரே தன்னைப் பைரவன் என்று நம்ப ஆரம்பித்துவிடுகிற மாதிரி இருந்தது. வால்வு ரேடியோ அங்கிள் துப்பறிவாளன் பற்றிச் சொன்னது இதுதானோ?

லிங்க்டின்னில் எங்கள் பேட்ச் பையன்கள் போட்டுக்கொள்கிற 'ஃபவுண்டர்', 'கன்சல்டண்ட்' எல்லாம் எனக்கு இப்போது மன்னார் அண்ட் கம்பெனியாகவே தெரிகிறது. ஒருத்தனுக்கு மீம் செய்து அனுப்பினேன். பிளாக் பண்ணிவிட்டான்.

சிங்கைச் செல்வி எழுதியது:

அந்த மீமை இங்கே போடுங்கள் தம்பி, நாங்கள் பிளாக் பண்ணமாட்டோம்.

ஆனால் ஒரு ஆட்சேபணை. நீங்கள் எல்லோரும் 1960-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறீர்கள். 'தில்லானா மோகனாம்பாள்' 1968-ல் வந்தது. பத்மினி குழுவில் நட்டுவனாராக உட்கார்ந்திருப்பார். சிவாஜி, பாலையா, நாகேஷ், மனோரமா, நம்பியார் என்று ஒவ்வொருவரும் அவரவர் பங்குக்கு அதகளம் பண்ணும் படம். இவர் ஒதுங்கி இருப்பார். நாகேஷின் வைத்தி பேசும்போதெல்லாம் கண் தானாக நாகேஷிடம்தான் போகும். அடுத்த தடவை பார்க்கும்போது பக்கத்தில் இருப்பவர்களையும் பாருங்கள். தனக்குக் காட்சி இல்லாத இடத்திலும் ஆள் காட்சிக்குள்ளேயேதான் இருப்பார். இந்த மாதிரி இடம் எதுவும் 'தங்கவேலு காமெடி' என்று கிளிப்பாக வரப்போவதில்லை.

திண்ணைவாசி எழுதியது:

நான் ஒரு பூரி கேட்டேன், நீங்கள் கல்யாண விருந்தே போட்டுவிட்டீர்கள்.

முடிவு பண்ணிவிட்டேன். இந்த வாரம் 'மிஸ்ஸியம்மா', அழுவதற்குத் தெம்பு வந்ததும் 'கல்யாண பரிசு'. வீட்டம்மா தெலுங்கு, அதனால் நாகேஸ்வர ராவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிவரும். தீர்ப்பு யாருக்குப் போகும் என்று எனக்கு இப்போதே தெரியும், நான் வாயைத் திறக்கப்போவதில்லை.

பழங்கணக்கு சார், 'நான் கண்ட சொர்க்கம்' தேடினேன். ஒரு சேனலில் இருக்கிறது. ஆனால் மூலையில் பெரிய எழுத்தில் சேனல் பேர், எமதர்மன் கிரீடத்தை மறைத்துக்கொண்டு. வேறு நல்ல பிரிண்ட் கண்ணில் பட்டதா?

பழங்கணக்கு எழுதியது:

நானும் அதைத்தான் பார்த்தேன். கிரீடம் தெரியாவிட்டால் பரவாயில்லை, தங்கவேலு இடது பக்கமாகத்தான் நிற்பார், பாருங்கள்.